சங்கக் கட்டடம்: யார் சொன்னால் யார் கேட்பது?

நெல்லிக்குப்பம் வாசகர் கேட்டது, 9 மார்ச் 2025

எங்கள் தெருச் சங்கத்துக்கு 4 சென்ட் இடம் இருக்கிறது. கீழே கூடம், மேலே வாசிப்பறை. 30 லட்சத்தைத் தாண்டும் என்கிறார் இன்ஜினியர். தலைவரோ, "கட்டடக் குழு அது இதுன்னு ஆள் சேர்த்தா வேலை நடக்காது. நானே முன்னால நின்னு கட்டித் தர்றேன், நம்பிக்கை இருந்தா போதும்" என்கிறார். நல்ல மனிதர், கை சுத்தம். ஒத்துக்கொள்ளலாமா?

9 மார்ச், இரவு

வேண்டாம். அவர் நல்லவர் என்பதால்தான் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் எங்கள் தெருச் சங்கம் கட்டிய கட்டடத்துக்கு நான் பொருளாளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். 2023இல் அடித்தளம் போட்டபோது எங்கள் தலைவரும் இதையேதான் சொன்னார். காலையில் ஐந்தரைக்கே சைட்டில் இருப்பார். சிமெண்ட் தீர்ந்தால் சொந்தக் காசைப் போட்டு வாங்குவார். சீட்டு வாங்க மறந்துவிடுவார். சட்டைப்பையில் இருந்த சீட்டுகளையும் துணியோடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டார் வீட்டம்மா.

லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் விட்டம் வரும் உயரம், வரும்போது டீக்கடையில் பேச்சு கிளம்பியது. "எவ்வளவு போச்சு, எவ்வளவு இருக்கு?" நியாயமான கேள்விதான். அவர் ஒரு பைசா எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைக் காட்ட என்னிடம் ஒரு காகிதம் கிடையாது. ஒரு நாள் சாவியை என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். வேலை ஆறு மாதம் நின்றது. நீட்டிக்கொண்டிருந்த கம்பியெல்லாம் உப்புக் காற்றில் செம்பழுப்பாகப் போனது. இன்றைக்கும் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

10 மார்ச்

முதலில் கேட்டிருக்க வேண்டியது: அந்த 4 சென்ட் யார் பேரில் இருக்கிறது? சங்கத்தின் பேரிலா, சங்கத்துக்காக வாங்கிய யாரோ ஒருவர் பேரிலா? பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் சங்கத்தின் பெயர் வரும் வரை ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். சங்கம் பதிவானதா என்பதையும் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிவு இல்லை என்று வங்கிக் கணக்கை யாராவது ஒருவர் பேரில் திறந்துவிடாதீர்கள். அப்புறம் கட்டடமும் அவர் பேரில்தான் நிற்கும்.

10 மார்ச், சற்று நேரம் கழித்து

"ஏழு பேருக்கு எங்கே போவது, எங்கள் தெருவில் ஒற்றுமையாக மூன்று பேர்கூட இல்லை" என்று முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர். ஒற்றுமை வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கையெழுத்துதான் கேட்கிறது.

13 மார்ச்

சரி, கட்டடக் குழு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், எங்கள் கதையைக் கேளுங்கள்.

2024 தையில் வேலையைத் திரும்பத் தொடங்க 11 பேர் கொண்ட குழு போட்டோம். முதல் கூட்டத்தில் இன்ஜினியர் வந்து எம்30 கான்கிரீட் என்றார். எம் என்பது கலவையின் தரம், எண் கூடினால் உறுதி கூடும். எங்கள் தெருவிலிருந்து சில்வர் பீச்சுக்கு நடந்தே போகலாம். கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டை ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30, கம்பியை மூட வெளியே 45 மி.மீ. கான்கிரீட், கவர் என்பார்கள். உடனே ஒருவர், "என் வீடு எம்20தான், தானே புயலையே தாங்கிச்சு. எதுக்கு வீண் செலவு?" என்றார். இன்னொருவர் ஆமாம் போட்டார். பேச்சு முற்றியது. செயலாளர் எழுந்து, "ஜனநாயக முறையில முடிவு பண்ணிடுவோம்" என்றார்.

கான்கிரீட்டின் தரத்துக்குக் கை தூக்கினோம் ஐயா! எம்20க்கு ஏழு கை, எம்30க்கு நாலு.

இன்ஜினியர் டைரியை மூடினார். "அப்போ டிராயிங்ல கையெழுத்தும் நீங்க ஏழு பேரே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அவரைத் திரும்பக் கூட்டிவர இரண்டு வாரம், மூன்று பேர், ஒரு பை பண்ருட்டிப் பலாச்சுளை.

அதற்குப் பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினோம். என்ன கட்டுவது, எவ்வளவு பணம், எதற்குப் பயன்படுத்துவது என்பதெல்லாம் பொதுக்குழுவின் முடிவு. யாரிடம் வேலை, எப்போது, என்ன விலை என்பது கட்டடக் குழு. எத்தனை கம்பி, என்ன கலவை, எப்போது சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பது என்பது இன்ஜினியர். அதில் யாரும் கை தூக்கக் கூடாது. மேஸ்திரிக்கு உத்தரவு சொல்ல ஒரே வாய், அதுவும் இன்ஜினியரின் வாய். கடைசி வரியை முதலில் மீறியது நான்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

14 மார்ச்

அந்த ஏழில் என் கையும் ஒன்று. நேற்று எழுதும்போது விட்டுவிட்டேன்.

17 மார்ச்

கட்டட வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் தண்ணீரை வாங்கலாமா என்று கேட்டவருக்கு. ஆம், எங்களுக்கும் இலவசத் தண்ணீர் கிடைத்தது. துணைத்தலைவர் தன் வீட்டு போரிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கைதட்டி நன்றி சொல்லித் தீர்மானமும் போட்டோம். இன்ஜினியர் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பரிசோதனைச் சீட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நன்றி சொன்ன தீர்மானத்தை என்ன செய்வது? அப்படியே விட்டுவிட்டு டேங்கர் தண்ணீருக்கு இன்னொரு தீர்மானம் எழுதினோம். துணைத்தலைவர் மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. "என் தண்ணியில தான் என் பேரப்புள்ளைங்க குளிக்குது" என்றாராம்.

மைத்துனர் கடை விஷயமும் இப்படித்தான். குழுவில் ஒருவருடைய மைத்துனர் இரும்புக்கடை வைத்திருந்தார். விலை உண்மையிலேயே குறைவு. இருந்தாலும் மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்குவது, அதைப் பிரிக்கும்போது உறவுக்காரர் அறையை விட்டு வெளியே நிற்பது என்று வைத்தோம். வெளியே நின்றவர் கோபப்படவில்லை. பீடி குடிக்க நேரம் கிடைத்தது என்றார். கடைசியில் மைத்துனருக்கே போனது.

18 மார்ச்

உறவுக்காரரை வெளியே நிறுத்துவது மேல்நாட்டுப் பழக்கம், நம் ஊருக்கு ஒத்துவராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆண்டு 921. வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் என்று வரிசையாக உறவுமுறை சொல்கிறது. சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மருமகன் என்று ஒருவரையும் விடவில்லை. வயது 35க்கு மேல், 70க்குள். முந்தைய மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவன் திரும்ப நிற்க முடியாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று என்று வேலையையும் பிரித்திருக்கிறார்கள்.

ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்தான். நாங்கள் ஒரு கூடம் கட்ட 11 பேர்.

(சொந்தமாக வீடும் வரி கட்டும் நிலமும் இருப்பவர்தான் நிற்க முடியும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் முதலில் பணம் கொடுத்தவர்கள். அதனால் முழுக் கல்வெட்டையும் இறக்குமதி செய்ய வேண்டாம்.)

22 மார்ச்

வாட்ஸ்அப்பில் முடிவெடுக்காதீர்கள். மாடிக் கழிவறையைக் கிழக்கிலிருந்து மேற்கே மாற்றலாமா என்று ஒருவர் இரவு பத்து மணிக்குப் போட்டார். மூன்று கட்டைவிரல் வந்தது. அதைக் காலையில் மேஸ்திரியிடம் காட்டியிருக்கிறார்கள். மதியத்துக்குள் சுவர் இல்லை. செலவு 14,000 ரூபாய். அதில் ஒரு கட்டைவிரல் பேரன் கை தவறி அழுத்தியது.

29 மார்ச்

நான்கு கம்பிக் கதை.

12 மி.மீ. கம்பி 100 வேண்டும் என்று சொல்லியிருந்தோம். வண்டி வந்த அன்று நான் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் எடைமேடைச் சீட்டில் 1,042 கிலோ. பெரும்பாலான கம்பியை அதற்குள் வெட்டி வளைத்துவிட்டார்கள், எண்ண முடியாது. கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? விட்டத்தை வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. 12 மி.மீ.க்கு 0.889 கிலோ. ஒரு கம்பி 40 அடி, அதாவது 12.19 மீட்டர். 100 கம்பி என்றால் 1,084 கிலோ வர வேண்டும். 42 கிலோ குறைகிறது. ஏறக்குறைய நான்கு கம்பி.

இன்ஜினியரிடம் கேட்டிருக்க வேண்டும். நேராகச் சைட்டுக்குப் போய், சித்தாள்கள் முன்னாலேயே மேஸ்திரியிடம், "நாலு கம்பி எங்கே?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான்கு நாள் வரவில்லை. கம்பிக்கு ஒரு நாள் என்று செயலாளர் கிண்டல் செய்தார்.

விடை என்ன என்று உங்களில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

30 மார்ச்

சிதம்பரத்துத் தம்பி சரியாகப் பிடித்துவிட்டார். கம்பியின் நீளம் 12 மீட்டர். 40 அடி என்பது பேச்சு வழக்கு. 12 மீட்டருக்கு 100 கம்பி 1,067 கிலோதான். மிச்சக் குறை 25 கிலோ, அதாவது 2.3 சதவீதம். இந்த அளவுக் கம்பிக்கு, கம்பிக்கான தரநிலையான ஐஎஸ் 1786 ஐந்து சதவீதம் வரை கூடக்குறைய அனுமதிக்கிறது. எடைக்குத்தான் பணம் கொடுத்தோம், ஆகவே நஷ்டமும் இல்லை. நூறு கம்பியும் சைட்டில்தான் இருந்தன.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அலகு மாற்றம் சொல்லிக் கொடுத்தவள் நான். மேஸ்திரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். அடுத்த நாள் வேலைக்கு வந்தார். ஆனால் அதன் பிறகு என்னிடம் எதையும் வாயால் சொல்வதில்லை. சிமெண்ட் காகிதத்தில் எழுதி அனுப்புவார். எனக்கு அதுவே நல்ல பதிவேடாக அமைந்தது என்பது வேறு விஷயம்.

2 ஏப்ரல்

நெல்லிக்குப்பத்துக்காரர் தலைவரிடம் பேசிப் பார்த்தாராம். "அப்படின்னா என்னை நம்பலையா?" என்று கேட்டிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். எங்கள் பழைய தலைவர் கதையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாமல். தலைவர் வேலையை ஏவட்டும். சாமான் இறங்கும்போது எண்ணி, அளந்து, எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதுவது வேறு ஆள். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது மூன்றாவது ஆள். ஏவியவரே அளந்து அவரே பணமும் கொடுத்தால், அவர் ராமனாகவே இருந்தாலும் டீக்கடையில் சீதையை விசாரிப்பார்கள்.

அளப்பவருக்கு ஒரு டேப் வாங்கிக் கொடுங்கள். எம் சாண்ட் (கல் உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டித் தொட்டியை உள்பக்கம் அளந்து பெருக்கிப் பார்க்க ஐந்து நிமிஷம். முதல் இரண்டு வண்டிக்கு அளந்தால் போதும், மூன்றாவது வண்டி தானாக நிரம்பி வரும்.

5 ஏப்ரல்

நன்கொடை. ஒருவர் மூன்று லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், சமையலறையைப் பெரிதாக்குங்கள் என்றார். ஒரே நாளில் ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது என்று காசோலை கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது. சமையலறையும் பழைய அளவே.

கட்டடத்தில் வைக்கும் நன்கொடையாளர் கல்லில் பெயர் போட எவ்வளவு தர வேண்டும் என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன்பே பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை. இன்றுவரை கல் வைக்கவில்லை, அந்த இடத்தில் நாள்காட்டி தொங்குகிறது.

11 ஏப்ரல்

தளம் போடும் அன்று உறுதியைச் சோதிக்க எத்தனை கியூப் (கான்கிரீட் கட்டி) எடுப்பது என்று கேட்டவருக்கு ஆறு என்று பதில் போட்டிருந்தேன். தவறு. 6 முதல் 15 கன மீட்டர் வரை கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரி, 16 முதல் 30 வரை மூன்று. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். எங்கள் தளமும் பீமும் சேர்ந்து 16ஐத் தாண்டியது, ஆகவே ஒன்பது, அதுவும் 28 நாள் சோதனைக்கு மட்டும். ஏழாம் நாளே பார்க்க வேண்டுமென்றால் தனியாக எடுக்க வேண்டும். இதையும் திருத்தியவர் சிதம்பரத்துத் தம்பிதான். அவரையே பொருளாளராகப் போட்டிருக்கலாம்.

19 ஏப்ரல்

இத்தனை நாளும் இதை எழுதத் தயங்கினேன். இந்தக் கேள்வி பதில் பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டால் நான் ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஆகிவிடும்.

மேஸ்திரியின் லேபர் கான்ட்ராக்ட் 12,40,000 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் பிடித்து வைத்தோம், மொத்தம் 62,000. ஒரு மழை பார்த்துவிட்டுத் தருவது என்று ஒப்பந்தம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு. கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் கசிந்து, கூடத்துச் சுவரில் வரைபடம் மாதிரி ஒழுகல். குழு ஒருமனதாக 62,000ஐ நிறுத்தி வைத்தது. ஒருமனதில் நானும் உண்டு.

இப்போது நாட்களை அடுக்கிப் பார்க்கிறேன். தளம் ஆகஸ்ட் கடைசியில் போட வேண்டியது. முதல் தலைவர் கதைக்குப் பயந்து, எந்தக் காசோலைக்கும் தலைவர், செயலாளர், நான் என்று மூன்று கையெழுத்து வேண்டும் என்று விதி கொண்டுவந்தவள் நான். ஆகஸ்டில் செயலாளர் மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போனார். 11 நாள். சிமெண்டுக்கு முன்பணம் தர முடியவில்லை. சென்ட்ரிங் வாடகை ஓடியது. கம்பி கட்டுபவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். தளம் போட்டது செப்டம்பர் 20ஐத் தாண்டி. மாடித் தளத்தின் மேல் தட்டோடு பதிப்பு ஐப்பசி மழைக்கு நடுவே, இரண்டு மழைக்கு இடையே கிடைத்த வெயிலில். "இப்போ வேணாம் டீச்சரம்மா, ஓரத்துல காயாது" என்று மேஸ்திரி அதே சிமெண்ட் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் காகிதம் என் கோப்பில் இருக்கிறது. திறப்பு விழா தேதி அச்சடித்துவிட்டோம் என்பதால் நாங்கள்தான் அவசரப்படுத்தினோம்.

20 ஏப்ரல்

"அப்படியென்றால் மூன்று கையெழுத்து தப்பா?" என்று கேட்கிறீர்கள். மூன்று தப்பில்லை. மூன்று பேரும் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்ததுதான் தப்பு. மூவரில் எவராவது இருவர் என்று மாற்றினோம், 10,000 ரூபாய் வரை ஒருவரே கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் கணக்குக் காட்டலாம் என்றும். மாற்றியது டிசம்பரில். மழைக்குப் பிறகு.

27 ஏப்ரல்

நேற்று குழுவில் அந்தச் சிமெண்ட் காகிதத்தை வைத்தேன். ஒரு மணி நேரம் சத்தம். "நீங்க யாரு பக்கம் டீச்சர்?" என்று துணைத்தலைவர் கேட்டார். தண்ணீர்க் கோபம் இன்னும் போகவில்லை. இன்ஜினியர் மட்டும், அந்த மூலையில் சரிவு குறைவாக இருப்பது மேஸ்திரி வேலைதான், அதை அவர் சரிசெய்ய வேண்டும், காயாத ஓரம் நம் அவசரம், அதற்குச் சாமான் செலவு சங்கத்தினுடையது என்று பிரித்துச் சொன்னார். இந்தத் தடவை யாரும் கை தூக்கவில்லை. "தாமதம் சங்கத்தால் நேர்ந்தது" என்ற வரியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மட்டும் அரைமணி நேரம் ஆனது. "நேர்ந்தது" என்று போடலாமா, "நேர்ந்திருக்கலாம்" என்று போடலாமா என்று.

"நேர்ந்தது" என்றே இருக்கிறது. பேனா என் கையில் இருந்தது.

8 மே

அக்னி நட்சத்திரம். மேஸ்திரி இரண்டு ஆளோடு வந்து ஓரத்தைப் பெயர்த்து, சரிவு கொடுத்துத் திரும்பப் பூசிவிட்டார். காய்ந்ததும் மாடியில் மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கப் போகிறோம்.

நெல்லிக்குப்பத்தில் ஐந்து பேர் குழு அமைந்ததாம். தலைவரே தலைவர், அளவு பார்க்க ஓய்வுபெற்ற சர்வேயர், கணக்குக்கு ஒரு கல்லூரிப் பெண். பதினொன்றுக்கு ஐந்து எவ்வளவோ மேல்.

19 மே

ஒரு சொட்டு இல்லை. சுவர் பொரிவிளங்காய் மாதிரி காய்ந்து கிடக்கிறது.

21 மே

62,000க்குக் காசோலை. இரண்டு கையெழுத்து, கூடவே இன்ஜினியரின் குறிப்பு. கூடத்தில் ஏதோ வளைகாப்பு நடந்துகொண்டிருந்ததால் வாசல் படியிலேயே வைத்துக் கொடுத்தேன். மேஸ்திரி வாங்கி, தொகையை எழுத்திலும் எண்ணிலும் ஒத்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயால் கேட்டார்:

"அந்த நாலு கம்பி கெடச்சுதா டீச்சரம்மா?"